ஏட்டில் இல்லாத மரங்கள்

அந்த விதியைக் கொண்டுவந்தவளே போஹுமிலாதான். அப்புறம் யாரைப் போய்த் திட்டுவது?

ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் விடாமல் அடித்த உறைபனியில் ஐந்து நாடுகளின் பழத்தோட்டங்கள் கருகிப்போயின. பிஞ்சு பிடித்துப் பட்டாணி அளவுக்கு வந்திருந்த நேரம். ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆப்ரிகாட்டையும் செர்ரியையும் நம்பியிருந்தவர்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் தன் பொது நிதியிலிருந்து நாற்பது லட்சம் யூரோ ஒதுக்கியது. அதற்கு மேல் ஒரு யூரோ கிடையாது. ஐந்து நாட்டுக்காரர்களும் உட்கார்ந்து பேசி, யாருக்கு எவ்வளவு என்று ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அக்டோபருக்குள் பணம் வரும். ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் அடுத்த வருடம்தான்.

செக் நாட்டின் சார்பில் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்தவள் போஹுமிலா. நாற்பத்தாறு வயது, பதினோரு வருடமாக அங்கே விவசாய அமைச்சகத்தின் பிரதிநிதி. தனியாள். பங்கீடு என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்காருவாள். ஒரு நாடு கூட்டி எழுதினால் இன்னொரு நாட்டின் தட்டிலிருந்துதான் அது போகிறது என்பது அவள் எல்லோரிடமும் சொல்லும் பேச்சு. அதில் தப்பும் இல்லை.

மே மாதம் நடந்த முதல் கூட்டத்தில் ஒரு நாட்டின் தாளைப் பார்த்து அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருடம் விளைந்ததைவிட இந்த வருடம் கருகியது அதிகம் என்று அந்தத் தாள் சொன்னது. எந்த நாடு என்பது இப்போது எதற்கு. போஹுமிலா கையைத் தூக்கினாள். தோட்டக்காரர்கள் தங்கள் அரசாங்கத்திடம் போன டிசம்பருக்குள் எழுதிக்கொடுத்த விளைச்சலைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், பனி விழுந்த பிறகு எழுதிய எதையும் எடுக்கக்கூடாது என்றாள். பனி விழுவதற்கு முன்னால் யாருக்கும் பொய் சொல்லக் காரணம் இருந்திருக்காது அல்லவா?

ஒன்றியத்தின் சார்பில் கூட்டத்தை நடத்திய பின்லாந்துக்காரர் ஆர்னோ தலையாட்டினார். நேரான மனிதர், நேரான விதி பிடிக்கும். ஸ்லோவீனியாவின் யெர்னெய் மட்டும் மெல்லக் கனைத்தார். ஐம்பத்தெட்டு வயது, சட்டைப்பையில் எப்போதும் மூக்குக்கண்ணாடித் துணி வைத்திருப்பவர், கூட்டத்தில் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"எங்க பிர்டா மலைப் பக்கம் வயசானவங்க ஜாஸ்திங்க. ஆளுக்கு அம்பது அறுபது செர்ரி மரம் வச்சிருப்பாங்க. ரோட்டோரமா கூடைய வச்சு வித்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. எந்தத் தாள்லயும் எழுத மாட்டாங்க. ஆனா மரம் நிக்குது. யார் வேணும்னாலும் போய் எண்ணிக்கலாம். அவங்களுக்கு மட்டும் ஒரு வழி பண்ணக் கூடாதா?"

"எழுத்துல இருந்தா இருக்கு, எழுத்துல இல்லேன்னா இல்ல," என்றாள் போஹுமிலா. "உங்களுக்குத் திறந்தா அஞ்சு பேருக்கும் திறக்கணும். அப்புறம் விதின்னு ஒண்ணு எதுக்கு?"

யெர்னெய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விதி நிறைவேறியது. வெளியே வரும்போது மற்ற நாட்டுக்காரர்கள் அவள் கையைக் குலுக்கினார்கள். அன்றைக்கு அவள் தரையில் கால் பாவாமல் நடந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூன் முதல் வாரம் ஊருக்குப் போனாள். தெற்கு மொராவியாவில் இருக்கும் எங்கள் லிபோவ்கா. ஆப்ரிகாட்டைத் தவிர அங்கே பேச வேறு பேச்சு கிடையாது. அண்ணன் வாவ்ரா அறுநூறு மரம் வைத்திருந்தான், வீட்டை ஒட்டி முந்நூறு, மேட்டில் முந்நூறு. வாய்த்துடுக்கு ஜாஸ்தி, கை அதைவிடச் சுறுசுறுப்பு.

"வந்துட்டாங்கப்பா பிரஸ்ஸல்ஸ் மகாராணி," என்று வாசலிலேயே ஆரம்பித்தான். "என்ன மிலா, ஒரு சுத்து பெருத்துட்ட? அங்க வெறும் சாக்லேட்தான் திங்கிறீங்களா?"

"நீ இளைச்சுட்டியேண்ணா."

"பனி என்னையும் கருக்கிடுச்சு."

அண்ணி அனேஷ்கா வாத்து வறுத்து, புளித்த முட்டைக்கோசும் மாவு உருண்டையும் செய்திருந்தாள். சாப்பிட்டு முடிக்கிறவரை வாவ்ரா தோட்டத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தது. இழப்பீடு உத்தேசமாக அறுபதாயிரம் செக் கொருனா.

போஹுமிலா இரண்டு தடவை படித்தாள். "என்னண்ணா இது, நாலு டன்னுன்னு போட்டிருக்கு? உன் தோட்டத்துலயா நாலு டன்?"

"எழுதினது நாலு."

"விளைஞ்சது?"

வாவ்ரா பல்குச்சியை வாயின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளினான். "இருபது. நல்ல வருஷத்துல இருபத்தி ரெண்டு."

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் ரகசியமில்லை. ஒன்றியத்தின் அதிகாரிகளுக்கு மட்டும்தான் ரகசியம். பழத்தில் பாதிக்கு மேல் புர்னோ நகருக்குப் போகும் சாலையில் பெட்டி பெட்டியாக விற்றுக் காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். கால்வாசி பீப்பாயில் புளித்துச் சாராயக் கூடத்துக்குப் போகும். மிச்சம்தான் கூட்டுறவுக் கிடங்குக்கும் தாளுக்கும். சாராயக் கூடத்தில் ஒரு குடும்பத்துக்கு இத்தனை லிட்டர் என்று வரிச்சலுகைக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் வரி தீட்டிவிடுவார்கள். அதனால் அத்தை பேரில் கொஞ்சம், சித்தப்பா பேரில் கொஞ்சம், மாப்பிள்ளை பேரில் கொஞ்சம் என்று காய்ச்சிக்கொள்வது. வாவ்ராவின் ஆப்ரிகாட் ஒன்பது பேர் பெயரில் காய்ச்சப்பட்டது. அதில் அப்போலேனா அத்தை போய்ச் சேர்ந்தே ஆறு வருடம் ஆகிறது. ஆனாலும் வருடம் தவறாமல் முப்பது லிட்டர் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் பேரு?" என்று கேட்டாள் போஹுமிலா. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"உன் பேர்லயும் முப்பது," என்றான் வாவ்ரா. "கிறிஸ்மஸுக்கு ஆறு பாட்டில் தூக்கிட்டுப் போறியே, எங்கேர்ந்து வருதுன்னு நெனச்ச? ஆகாசத்துலேர்ந்தா?"

அவளுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்தச் சாராயத்தை ஆர்னோவுக்கும் கொடுத்திருக்கிறாள், யெர்னெய்க்கும் கொடுத்திருக்கிறாள். என் அண்ணன் தோட்டத்துப் பழம் என்று பெருமையடித்துக் கொடுத்திருக்கிறாள்.

அனேஷ்காதான் உள்ளதைச் சொன்னாள். "குளிர்க்கிடங்கு கட்ட வாங்கின கடனுக்கு அக்டோபர்ல ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் கட்டணும், மிலா. இருபது டன்னுக்குக் கணக்குப் போட்டா மூணு லட்சம் வரும், கட்டிடலாம். அறுபதாயிரத்த வச்சு என்ன பண்றது? திராட்சைக் கம்பெனிக்காரன் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிட்டான். மேட்டுத் தோட்டத்தக் குடுத்தா கடன அவன் கட்டிடுவானாம். மரத்தையெல்லாம் வெட்டிட்டுத் திராட்சை போடுவான்."

"நீதான அங்க உக்காந்திருக்க," என்றான் வாவ்ரா. இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "எவனோ ஒருத்தன் இப்படி ஒரு விதி போட்டிருக்கானாம். பனிக்கு முன்னாடி எழுதினதுதான் கணக்காம். அவன் கையக் கால புடிச்சாவது மாத்தச் சொல்லேன்."

போஹுமிலா தண்ணீர் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள். "நான்தாண்ணா அந்த விதியப் போட்டேன்."

அனேஷ்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வாவ்ரா முதலில் சிரித்தான். தங்கை விளையாடுகிறாள் என்று நினைத்திருப்பான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பல்குச்சியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"நல்லா இருக்கு," என்றான். "கூடப் பொறந்தவ கையாலயே."

"நீ மறைச்சு வச்சிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"பொறந்ததுலேர்ந்து இந்தத் தோட்டத்துல ஓடித் திரிஞ்சவதானே நீ. அறுநூறு மரத்துல நாலு டன் விளையாதுன்னு உனக்குத் தெரியாது? நீ பாக்கணும்னு நெனச்சியா, சொல்லு."

அவள் அன்று முழுக்கப் பின்வாசல் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். யெர்னெய் கேட்டதற்கும் அண்ணன் கேட்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தேடித் தேடிப் பார்த்தாள். ஒன்று கிடைத்தது. இங்கே சாராயக் கூடத்தின் ஏடு இருக்கிறது. பனிக்கு முன்னால் எழுதினது, லிட்டர் லிட்டராக. காய்ச்சின கால்வாசி இவ்வளவு என்றால் முழு விளைச்சல் எவ்வளவு என்று அதை வைத்துக் காட்டிவிடலாம். ஆனால் அதற்குத் தோட்டக்காரர்கள் தாங்கள் மறைத்ததை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாராயக் கூடத்தில் ஊரைக் கூட்டினாள். கூடத்தை நடத்துபவர் கிழவர் ஹொலெக். ஏட்டைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து செம்புக் கொப்பரைக்கு முன்னால் வைத்தார்.

"என் ஏட்டுல பொய் கிடையாது," என்றார் அவர். "லிட்டர் சரியா இருக்கும். பேருதான் அங்க இங்க எடம் மாறியிருக்கும்."

"செத்தவங்களெல்லாம் உம்ம ஏட்டுலதான்யா உசுரோட இருக்காங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். விதியைப் போட்டது தான்தான் என்று தொடங்கி போஹுமிலா விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு அடங்கியது. உண்மையை எழுதினால் பழைய வரியைக் கட்ட வேண்டிவரும், அபராதமும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் நான் கேட்கிறேன், ஆனால் கொடுப்பார்கள் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பூசி மெழுகாமல் அப்படியே சொன்னாள்.

"அப்போ கழுத்த நீட்டுன்னு சொல்ற, கத்தி எந்தப் பக்கம்னு தெரியாதுங்கிற," என்றார் ஒருவர்.

"மொதல்ல நம்ம தலையில இவளே விதியப் போட்டுட்டு, இப்போ நம்மகிட்டயே கையெழுத்தா?" என்றாள் ஒரு பெண். "அடிக்கிறதும் இவதான், மருந்து போடுறதும் இவதானா?"

போஹுமிலா தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டியதுதான். பிறகு வாவ்ரா எழுந்து போய்ப் பேனாவை எடுத்தான். இருபது டன் என்று எழுதி, மறைத்தது பதினாறு என்று எழுதி, கீழே பெயர் போட்டான். வாழ்நாளில் ஒரு அரசாங்கத் தாளில் அவன் உண்மையை எழுதியது அன்றைக்குத்தான். எழுத்து கோணல் மாணலாக விழுந்தது, எல்லோரும் பார்த்தார்கள். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு கையெழுத்து. மறைத்த விளைச்சல் எல்லாம் சேர்த்து நானூறு டன்.

இரண்டாவது கூட்டம் ஜூன் கடைசியில், காலை பத்து மணிக்கு. தலைநகர் ப்ராகில் அமைச்சகத்தைக் கேட்டதற்கு, கேட்டுப் பார், கிடைத்தால் லாபம் என்று விட்டுவிட்டார்கள். ஆர்னோ பங்கீட்டுத் தாளை எல்லோருக்கும் கொடுத்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். அது சும்மா கேட்கிற கேள்வி. போஹுமிலா கையைத் தூக்கினதும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

அவள் எழுந்து நின்று சொன்னாள். எங்கள் ஊரில் நாற்பத்தொரு பேர் விளைச்சலை மறைத்திருக்கிறார்கள். இப்போது ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாராயக் கூடத்தின் பழைய ஏடு சாட்சி. மரங்களும் நிற்கின்றன, யாரும் வந்து எண்ணலாம். அவர்கள் இழந்தது நிஜம், ஆகவே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்னோ உடனே கணக்குப் போட்டார். நானூறு டன் உள்ளே வந்தால் மொத்தத் தொகை கூடப்போவதில்லை, மற்ற நால்வரின் பங்குதான் கொஞ்சம் கொஞ்சம் குறையும். ஸ்லோவீனியாவுக்குப் பதினாலாயிரம் யூரோ குறையும் என்றார். பெரிய நாட்டுக்குப் பதினாலாயிரம் டீச்செலவு. பிர்டா மலையில் அது இருபது வீட்டுப் பணம். அதுவும் ஒழுங்காக எழுதிக்கொடுத்து, ஒழுங்காக வரி கட்டின இருபது வீடு.

எல்லோரும் யெர்னெயைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை நான் ஒரு பெரியவரை மனசுல வச்சுத்தான் கேட்டேன்," என்றார். "எழுபத்தி ரெண்டு செர்ரி மரம். உங்க விதி வந்த மறு வாரம் எங்க ஆபீஸ்லேர்ந்து அவருக்கு லெட்டர் போயிடுச்சு, உங்களுக்கு ஒண்ணும் கிடையாதுன்னு. அவர் மரத்தையெல்லாம் வெட்டி விறகுக்குப் போட்டுட்டு நிலத்தக் குத்தகைக்கு விட்டுட்டார். அவர மாதிரி இன்னும் ஏழெட்டுப் பேர். உங்க ஆளுங்க மரம் நிக்குது, வந்து எண்ணலாம்னு சொல்றீங்க. எங்க ஆளுங்களுக்கு நான் எதைக் காட்டி எண்ணச் சொல்றது, போஹுமிலா?"

ஆர்னோ காதில் மாட்டியிருந்த மொழிபெயர்ப்புக் கருவியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்போ உங்க நாடு ஆட்சேபிக்குதா?" என்று கேட்டார் ஆர்னோ.

"இல்ல," என்றார் யெர்னெய். "ஏட்டுல இல்லாத மரமும் மரம்தான். மே மாசமும் அதைத்தான் சொன்னேன். இப்போ மாத்திச் சொன்னா நான் மனுஷன் இல்ல. விதி அவங்களோடது. எடுக்கிறதா விடுறதான்னு அவங்களே சொல்லட்டும்."

அவர் கத்தியிருக்கலாம். திட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் போஹுமிலாவும் பதிலுக்குக் கத்தி, ஏட்டைக் காட்டி, ஜெயித்துக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் அந்த மனிதர் வழியை விட்டு ஒதுங்கி நின்றுவிட்டார். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். முதல் கையெழுத்து கோணல் மாணலாக இருந்தது.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள். "இதுல மொதக் கையெழுத்து என் அண்ணனோடது. இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

ஆர்னோ பேனாவைக் கீழே வைத்தார்.

யாரோ ஒரு பெரியவருக்காகக் கேட்டபோது எழுத்தில் இல்லை என்றவள், தன் அண்ணனுக்கு எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவளுக்கே அது அப்போதுதான் முழுசாக உறைத்தது. லிபோவ்காவின் நாற்பத்தொரு வீட்டுக்கும் நியாயம் இருக்கிறது, அது பொய்யில்லை. ஆனால் அந்த நியாயம் பிர்டா மலைக்கும் இருந்தது, அங்கே அதற்கான நேரத்தை இவளே தீர்த்துவிட்டாள். போஹுமிலா உட்கார்ந்தாள். தாளைத் திருப்பிப் பைக்குள் வைத்தாள்.

"என் கோரிக்கைய நான் திரும்ப வாங்கிக்கிறேன். பழைய தாளுக்கே நான் சம்மதிக்கிறேன்."

ஐந்து நாடுகளும் ஒத்துக்கொண்டதாக எழுதப்பட்டது. பத்து மணி நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. யெர்னெய் போகும்போது அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் செய்தது சரியா என்று இன்றைக்கும் எங்கள் ஊரில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி அவளோடு பேசுவதில்லை.

போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாளே ரயிலேறி ஊருக்கு வந்தாள். வாவ்ரா மேட்டுத் தோட்டத்தில் இருந்தான். ஒரு பழம்கூட இல்லாத வருடத்திலும் அவன் ஏணி போட்டுக் கிளை கழித்துக்கொண்டிருந்தான். வெயில் காலத்தில் கழித்துவிட்டால்தான் அடுத்த வருடம் நன்றாகக் காய்க்கும். அவளைப் பார்த்ததும் ஏணியிலிருந்தே கேட்டான்.

"என்னாச்சு?"

அவள் முழுவதையும் சொன்னாள். யெர்னெய் சொன்னதை, ஆர்னோ போட்ட கணக்கை, தான் தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டதை. ஒன்றையும் விடவில்லை. வாவ்ரா கத்தரியைக் கையில் வைத்தபடி ஏணிமேல் நின்று கேட்டான்.

"அவன் சரின்னு சொல்லிட்டான். நீ வேணாம்னுட்ட."

"ஆமா."

"அந்த ஆளே சம்மதிச்ச பிறகும்."

"ஆமாண்ணா."

"உனக்கென்ன, சம்பளம் வந்துடும்," என்றான். "பனி அடிச்சாலும் வரும், அடிக்காட்டியும் வரும். நியாயம் பேசுறது உனக்கு ரொம்ப ஈஸி. ஊர் முன்னாடி என்னைக் கையெழுத்துப் போட வச்சு, அதையும் பையில மடிச்சு எடுத்துட்டு வந்திருக்க."

"அந்தத் தாள வேற யாரும் படிக்கல. ஹொலெக்கிட்ட குடுத்துடறேன். கிழிச்சுப் போடட்டும்."

"கிழிச்சா எழுதினது இல்லன்னு ஆயிடுமா?"

அவளுக்கு அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் எதற்கு மன்னிப்பு, முதலில் செய்ததற்கா, பிறகு செய்ததற்கா என்று அவளுக்கே தெரியவில்லை. வாவ்ரா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு கிளை கழித்தான். மூன்றாவதைப் பிடித்தவன் கத்தரியை அழுத்தாமல் நின்றான்.

"அந்தப் பெரியவர். எழுபத்தி ரெண்டு மரம்னு சொன்ன."

"ஆமா."

"என்ன வயசு மரம்?"

"தெரியல."

"நட்டது யாரு, அவரா, அவங்கப்பாவா?"

"தெரியலண்ணா."

"ஆள் பேரு?"

அவள் கேட்டிருக்கவில்லை. மே மாதமும் கேட்கவில்லை, நேற்றும் கேட்கவில்லை.

வாவ்ரா திரும்பிப் பார்த்தான். இவ்வளவு நேரம் இல்லாத கோபம் இப்போது அவன் முகத்தில் இருந்தது. "பதினோரு வருஷமா பங்கு போட்டுட்டிருக்க. யாருக்குப் போடுறேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

அவள் அங்கேயே நின்று யெர்னெய்க்குப் போன் போட்டாள். அவர் உடனே எடுத்தார். எதற்குக் கேட்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. நிதானமாகச் சொன்னார், அவர் சொல்லச் சொல்ல இவள் அண்ணனுக்குச் சொன்னாள்.

"பேரு லோய்ஸெ. எழுபத்தொம்பது வயசு. அவரே நட்டது, முப்பது வருஷம் ஆகுது. போன வருஷம் வரைக்கும் கூடைய அவரே ரோட்டுக்குத் தூக்கிட்டு வந்திருக்கார்."

வாவ்ரா ஏணியிலிருந்து இறங்கினான். கத்தரியைத் துடைத்து உறையில் போட்டான்.

"முப்பது வருஷ செர்ரி," என்றான். "இன்னும் பதினஞ்சு வருஷமாவது காய்ச்சிருக்கும்."

திராட்சைக் கம்பெனிக்காரன் வெட்டப்போகும் அந்த மரத்தில் பாதிக்கு மேல் கழிக்காமல் கிடந்தது. அவன் ஏணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தான். போஹுமிலா கீழே கிடந்த கிளைகளைப் பொறுக்கி வரப்போரம் அடுக்க ஆரம்பித்தாள்.